என்எஸ் (சிங்கப்பூர்த் தேசிய சேவை ராணுவ) பூட்ஸ் போட்டுக் குதிரை ஏறலாமா? முதல் பூட்ஸ் வாங்க யோசனை வேண்டும்

பொங்கோல்_புரவி | செவ்வாய், இரவு 9:42

வணக்கம் மக்களே. நாற்பது வயதில் குதிரை ஆசை வந்திருக்கிறது, சிரிக்காதீர்கள். மகளை (9 வயது) வகுப்பில் விட்டுவிட்டு வேலியோரம் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் நானும் ஏறிவிட்டேன். இதுவரை நான்கு வகுப்பு முடிந்திருக்கிறது. நடை பழகி, இப்போதுதான் டிராட் (குதிரையின் துள்ளோட்டம்) ஆரம்பித்திருக்கிறார்கள். மறுநாள் படிக்கட்டு இறங்கும்போது தொடை அழுகிறது.

லாயத்தில் பூட்ஸ் இரவல் தருகிறார்கள். எனக்கு முன்னால் போட்டவரின் வியர்வை காய்வதற்குள் என் கால் உள்ளே போக வேண்டும். என் அளவு 44. அங்கே இருப்பதோ 43, விட்டால் 46. போன வாரம் 46ஐப் போட்டுக்கொண்டு டிராட் போனதில், பூட்ஸ் ஒரு பக்கம் குதிக்க, கால் ஒரு பக்கம் குதித்தது. பயிற்றுநர் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார்.

வீட்டுச் சாமான் அறையில் என் பழைய என்எஸ் பூட்ஸ் கிடக்கிறது. ரிசர்விஸ்ட் (சேவைக்குப் பிறகு அவ்வப்போது கூப்பிடும் பயிற்சி) எல்லாம் முடிந்தாயிற்று, இனி அதற்கு வேலை இல்லை. கணுக்காலை மூடுகிறது, தோல், என் காலுக்குப் பழகியது. அதையே போட்டுக்கொள்ளலாமா? கூடாதென்றால் முழங்கால் வரை வரும் நீள பூட்ஸா, குட்டை பூட்ஸா? எனக்கும் மகளுக்கும் சேர்த்து 200 வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கிறேன். இந்தக் கணக்கு இன்னும் வீட்டம்மாவிடம் போகவில்லை.

லாயத்துப்_பேரன் | செவ்வாய், இரவு 10:31

என்எஸ் பூட்ஸ் வேண்டாம் தம்பி. அது காட்டில் சேற்றைக் கவ்விப் பிடிப்பதற்காகச் செய்தது. அடியில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளமும் மேடுமாக இருக்கும். அந்த மேடு போய் ஸ்டிரப்பில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம், அங்கவடி என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது, லாயத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது) மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் கீழே, கால் மேலே. பக்கவாட்டில் ஏதோ தொங்குகிறதே என்று குதிரை மிரளும், மிரண்டு ஓடும், ஓட ஓட நீங்கள் அதன் விலாவில் அடிபட இன்னும் மிரளும். பந்தயக் குதிரை வம்சம் என்றால் சாதாரணமாக 450 முதல் 550 கிலோ இருக்கும். விழுந்ததில் பட்ட அடியைவிட இழுபட்டதில் பட்ட அடிதான் ஆளை முடிக்கும்.

அதனால் நான் பூட்ஸைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பி அடியைத்தான் பார்ப்பேன். கிட்டத்தட்ட வழவழப்பாக, லேசான கோடு மட்டும் இருக்க வேண்டும். அப்புறம் குதிங்கால். சுமார் ஒரு அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர், செங்குத்தாக வெட்டிவிட்ட மாதிரி ஒரு படி இருக்க வேண்டும். கால் முன்னால் வழுக்கினாலும் அந்தப் படி ஸ்டிரப்பில் தட்டி நிற்கும், கணுக்கால்வரை உள்ளே போகாது. ஓட்டப்பந்தயக் காலணியில் அந்தப் படி கிடையாது, அதனால்தான் அதைப் போட்டுக்கொண்டு ஏற விடமாட்டார்கள். மூன்றாவது அகலம். பூட்ஸின் அகலமான இடத்துக்கும் ஸ்டிரப்புக்கும் நடுவே மொத்தமாக சுமார் ஒரு அங்குலம் சும்மா இருக்க வேண்டும், பக்கத்துக்குக் கிட்டத்தட்ட அரை அங்குலம். என்எஸ் பூட்ஸ் அடி விளிம்பு வெளியே பிதுங்கி நிற்கும், இறுகிவிடும்.

என் தாத்தா புக்கிட் தீமா பழைய பந்தயத் திடலில் சைஸாக (குதிரையைப் பராமரிக்கும் ஆளாக) இருந்தவர். வெறுங்கால் உத்தியோகம். வலது கால் பெருவிரலில் நகம் இருக்காது, அந்த இடம் பாக்கு மாதிரி உருண்டு கறுத்திருக்கும். சின்னப் பிள்ளையில் அதைத் தொட்டுத் தொட்டுக் கேட்போம். "மிதிச்சா காலை இழுக்காதடா, அது தோள்ல சாஞ்சு தள்ளு, தானா எடுக்கும்" என்பார். இழுத்தால் தோல் உரிந்து வரும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவர். முக்கால்வாசி நேரம் தரையில் நின்று தேய்த்துவிடுவதும் சேணம் கட்டுவதும்தானே குதிரை வேலை, பூட்ஸ் அதற்கும்தான்.

துவாஸ்_முருகு | செவ்வாய், இரவு 10:50

அண்ணே அப்ப சேஃப்டி பூட்? நான் ஷிப்யார்டு. முன்னாடி இரும்பு மூடி இருக்கு, குதிரை என்ன, கிரேனே மிதிச்சாலும் தாங்கும் 😄

லாயத்துப்_பேரன் | செவ்வாய், இரவு 11:04

முருகு, தரையில் நின்று லாயம் கூட்ட அது போதும். மேலே ஏற வேண்டாம். மூக்கு புட்டு மாதிரி உப்பியிருக்கும், ஸ்டிரப்பில் ஆப்பு அடித்த மாதிரி இறங்கும். அடியும் கெட்டி, காலுக்குக் கீழே ஸ்டிரப் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முன்னால் விரல் மூடி வைத்துச் செய்த குதிரையேற்ற பூட்ஸ் தனியாக வருகிறது, அது ஒல்லியாக இருக்கும்.

தேக்கா_அக்கா | புதன், காலை 7:15

குட்டை பூட்ஸ் வாங்குங்க, கூடவே ஹாஃப் சாப்ஸ் வாங்குங்க. நான் ஆறு வருஷமா அதுலதான் ஓட்டுறேன், இன்னும் நீள பூட்ஸுக்குப் போகலை.

தெரியாதவங்களுக்காக: குட்டை பூட்ஸ்னா கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை நிக்கும். கயிறு கட்டுறது, முன்னாடி ஜிப், ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வச்சு இழுத்து மாட்டுறதுன்னு மூணு தினுசு. எலாஸ்டிக்குக்கு ஜோத்பூர் பூட்ஸ்னு பேரு. நம்ம ராஜஸ்தான் ஜோத்பூர்தான். அந்த ஊர் சர் பிரதாப் சிங் 1897-ல விக்டோரியா ராணியோட வைர விழாவுக்கு லண்டன் போனப்ப அவர் கூட்டம் போட்டிருந்த கால்சட்டையைப் பார்த்து வெள்ளைக்காரன் காப்பியடிச்சான். பேரு பூட்ஸுக்கும் ஒட்டிக்கிச்சு.

ஹாஃப் சாப்ஸ்ங்கறது கணுக்கால்லேருந்து முழங்கால் வரைக்கும் சுத்தி ஜிப் போடுற உறை. அது எதுக்குன்னா, ஸ்டிரப்பைத் தாங்குற தோல்வார் இருக்கே, அது டிராட்ல உங்க கெண்டைக்கால் சதையைக் கிள்ளி எடுத்துடும். குளிக்கும்போது பாருங்க, உள்பக்கம் நீலமா கோடு விழுந்திருக்கும். சாப்ஸ் போட்டா அது நின்னுடும். ஜிப் வெளிப்பக்கம் வரணும். முதல் நாள் நான் வலது இடது மாத்தி மாட்டிக்கிட்டு ஏறினேன். ஜிப் உள்பக்கமா சேணத்தை அரை மணி நேரம் சுரண்டியிருக்கு. அடுத்தவங்க சேணம். அன்னிக்கு நான் கேட்ட மன்னிப்பு கொஞ்சநஞ்சமில்லை.

கடையில போட்டுப் பார்க்கிறதுக்கு: சாயங்காலமா போங்க, நம்ம சூட்டுல கால் காலையிலவிட வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடுற மெல்லிசான நீளக் காலுறையைக் கொண்டுபோங்க. போட்டுக்கிட்டு நடந்து மட்டும் பார்க்காதீங்க, நடக்கிறதுக்கா வாங்குறோம்? படிக்கட்டைத் தேடிப் போய், கடைசிப் படியில முன்பாதத்தை மட்டும் வச்சு நின்னு குதிங்காலைக் கீழே தொங்கவிடுங்க. குதிரை மேல நாம நிக்கிற நிலை அதுதான். ஒரு நிமிஷம் நில்லுங்க. கணுக்கால் முன்மடிப்பு வெட்டுதா, பின்னாடி குதிநரம்புல விளிம்பு குத்துதான்னு அப்பவே தெரிஞ்சிடும். கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

கெண்டைக்கால்_42 | புதன், மதியம் 12:40

அக்கா சொன்னதைக் கேளுங்கள் புரவி. கேட்காதவன் கதை இது.

எனக்கு இரண்டாவது மாதத்திலேயே நீள பூட்ஸ் ஆசை வந்துவிட்டது. கறுப்பு, பளபளப்பு, போலோ ஆட்டக்காரன் மாதிரி. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கெண்டைக்கால் சுற்றளவு அளந்தேன், ஆனால் காலையில் எழுந்தவுடன், நின்றுகொண்டு, வெறுங்காலில் அளந்தேன். பூட்ஸ் வந்தது, கஷ்டப்பட்டு ஏறியது, கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்றேன்.

முதல் வகுப்பு முக்கால் மணி நேரம். முப்பத்திரண்டு டிகிரி வெயில், கால் உப்பிவிட்டது, காலுறை பிழிந்தால் ஒரு குவளை தேறும். முடித்துவிட்டுக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. பூட் ஜாக் என்று குதிங்காலைக் கவ்வ ஒரு பலகை இருக்கும், அதில் வைத்து இழுத்தேன், பலகைதான் நகர்ந்தது. லாயத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்தார்கள், பெஞ்சோடு சேர்ந்து நானும் போனேன். கடைசியில் அப்படியே பேருந்து ஏறி, எம்ஆர்டி மாறி, குதிரைச் சாணி வாசனையோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் புளோக் நடைபாதையில் உட்காரவைத்து என் மனைவி ஒரு காலை இழுக்க, எதிர்வீட்டு மலாய் ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். டொப் என்று சத்தம். வெளியே வந்த கால் வேகவைத்த இறால் மாதிரி இருந்தது.

ஆகவே நீள பூட்ஸுக்கு அளக்கிறவர்கள் கவனிக்கவும். ஓட்டும் கால்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு, நாற்காலியில் முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி உட்கார்ந்து, சாயங்காலம் அளக்க வேண்டும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வலது 41, இடது 42, பெயர்க்காரணம் விளங்கியிருக்கும். உயரம், தரையிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை. தோல் பழகப் பழகக் கணுக்காலில் மடிப்பு விழுந்து ஓர் அங்குலத்துக்கு மேல்கூட இறங்கும், அதனால் புதிதில் முழங்கால் பின்னால் லேசாக இடிப்பதுதான் சரியான உயரம். முதல் நாளே சௌகரியமாக இருந்தால் ஆறு மாதத்தில் தொளதொளவென்று கீழே நிற்கும்.

நேர்முதுகு | புதன், மதியம் 1:22

எல்லாரும் சேர்ந்து நீள பூட்ஸை வில்லனாக்கிவிட்டீர்கள். பின்னால் முழு ஜிப் வைத்தது வாங்கியிருந்தால் இந்த நாடகமே இல்லை. நீள பூட்ஸில் கால் ஆடாமல் நிற்கிறது, குதிரைக்குச் சொல்கிற சைகை தெளிவாகப் போகிறது. எப்படியும் போட்டிக்குப் போனால் வாங்கத்தான் போகிறோம், பின்னே எதற்கு இரண்டு செலவு?

தேக்கா_அக்கா | புதன், மதியம் 1:51

நேர்முதுகு, அந்த மனுஷன் நாலு வகுப்புதான் போயிருக்கார். போட்டி எங்க, நாம எங்க. டிராட் பழகுறப்ப தொடையும் கெண்டைக்காலும் வடிவம் மாறும், இன்னிக்கு எடுத்த அளவு வருஷக் கடைசியில இருக்காது. பின்ஜிப் கதையும் தெரியும். கணுக்கால் மடியுற இடத்துல மண்ணும் வியர்வையும் சேர்ந்து பல் தேஞ்சு அங்கதான் முதல்ல பிளக்கும். ஹாஃப் சாப்ஸ் ஜிப் போனா சாப்ஸை மட்டும் மாத்தலாம்.

நேர்முதுகு | புதன், மதியம் 1:58

ஜிப் விஷயத்தில் தோற்றேன். என்னுடையதும் அங்கேதான் பிளந்தது.

ஈசூன்_மீனா | புதன், இரவு 8:05

இடையில் நுழைகிறேன். எங்கள் வீட்டில் மாமியார் மாட்டுத்தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார். மற்ற காலணிக்குச் சும்மா இருப்பவர், "குதிரைக்காக மாட்டை அறுப்பியா" என்று இதற்கு மட்டும் கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. செயற்கைத் தோல் தாங்குமா?

லாயத்துப்_பேரன் | புதன், இரவு 8:40

மாமியார் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை மீனா. பூட்ஸ் தாங்கும். ஆரம்பத்துக்குச் செயற்கைத் தோல் நல்லதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும், விலையும் குறைவு. தோல் அளவுக்குக் கால் வடிவத்துக்கு இளகி வராது, வாங்கும்போது எங்கே இடிக்கிறதோ கடைசிவரை அங்கேயே இடிக்கும். அதனால் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். டெகத்லானில் ஃபூகான்சா என்று குதிரையேற்றத்துக்கே ஒரு வரிசை உண்டு, பிள்ளைகள் அளவும் வரும். போகும் முன் எந்தக் கிளையில் இருப்பு என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஏரியட் மாதிரி பூட்ஸ் கம்பெனிப் பெயர்களெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரையின் பெயர் வாலைக் கத்தரித்து வைத்த பெயர் அது. தாத்தா இருந்தால் கேட்டுச் சிரித்திருப்பார்.)

முழு ரப்பர் நீள பூட்ஸும் மலிவாகக் கிடைக்கும். மழைக்குச் சரி. நம் ஊரில் உள்ளே கால் வெந்துவிடும்.

மழைக்கோட்டு | புதன், இரவு 9:30

பழையது வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு இணையச் சந்தையில் பயன்படுத்திய குட்டை பூட்ஸ் 40 வெள்ளிக்கு வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. இரண்டே தடவை போட்டது, ஐந்து வருடமாகப் பெட்டியில் இருந்தது. தோல் கண்ணாடி மாதிரி. மூன்றாவது சுற்றில் காலுக்குக் கீழே ஏதோ பிசுபிசுவென்றது. குனிந்து பார்த்தால் மணலில் கறுப்பாகக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது, ஊறிப்போன கேக் மாதிரி. குதிங்கால் பாதி இல்லை. நான் ஏறியிருந்த கிழட்டுக் குதிரை அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

பாலியூரித்தேன் அடி அப்படித்தான். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளே உடைந்துகொண்டே வரும். போடாமல் பெட்டியில் மூடி வைத்தாலும் தப்பாது, நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். பழைய ஓட்டக் காலணி நடுரோட்டில் வாய் பிளந்த அனுபவம் இங்கே பாதிப் பேருக்கு இருக்கும், அதே வியாதி. பழையது வாங்கினால் கட்டை விரல் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள். நகத்தடம் மீளாமல் நின்றாலோ தூள் உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ வேண்டாம். ரப்பர் அடி என்றால் இந்தத் தொல்லை இல்லை. மேல் தோல் நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் அடி போட்டு வாங்கலாம், குதிங்கால் படியை மட்டும் விட்டுவிடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

பொங்கோல்_புரவி | புதன், இரவு 10:12

இதைப் படித்தவுடன் சாமான் அறைக்குப் போய் என்எஸ் பூட்ஸ் அடியில் நகத்தை வைத்துப் பார்த்தேன். அடி கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரன் அண்ணன் சொன்ன மேடு பள்ளத்தில் 2015 தைவான் பயிற்சியில் ஒட்டிய மண் இன்னும் இருக்கிறது. புரிந்துவிட்டது, வேண்டாம்.

பூஞ்சைக்கு என்ன செய்கிறீர்கள்? என் பெல்ட்டே பச்சை பூக்கிறது.

தேக்கா_அக்கா | வியாழன், காலை 6:58

ஓட்டி முடிச்சதும் ஈரத்துணியால சாணி, வியர்வை எல்லாம் துடைங்க, குதிரை வியர்வை உப்பு தோலைத் தின்னுடும். சேடில் சோப்புன்னு கிளிசரின் சோப்பு இருக்கு, நுரை வராம லேசா தேய்ச்சாப் போதும். மத்தியானம் இடி மழையில மாட்டிக்கிட்டு முழுசா நனைஞ்சா (மின்னல் அபாய ஒலி வந்ததும் இறக்கிவிட்டுடுவாங்க, ஆனா லாயத்துக்கு நடந்து வரதுக்குள்ள நனைஞ்சிடுவோம்) வெயில்லயும் ஹேர் டிரையர்லயும் காய வைக்காதீங்க, தோல் அப்பளமா வெடிக்கும். உள்ள தமிழ் முரசைக் கசக்கித் திணிச்சு மின்விசிறிக்குக் கீழ வைங்க. ராத்திரி ஒரு தடவை தாளை மாத்துங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர் கொஞ்சம் கூடவே உறிஞ்சும் 😀

மூடின காலணி அலமாரிக்குள்ள மட்டும் ஈரத்தோட வைக்காதீங்க. வெளி நடைபாதையில வைக்கிறவங்க 1.2 மீட்டர் வழி விட்டு வைங்க, இல்லாட்டி கடிதம் வரும். கேமராவுக்கு ஈரம் உறிஞ்சுற பெட்டி வச்சிருக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமை.

லாயத்துப்_பேரன் | வியாழன், காலை 9:20

200 வெள்ளிக் கணக்கில் ஒரு திருத்தம். தலைக்கவசம் இரவல் என்றால், அது சரியாகப் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள். குறிப்பாகப் பிள்ளைக்கு. காசு போதாவிட்டால் பூட்ஸைத் தள்ளிப்போடலாம், அதைத் தள்ளக்கூடாது. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், இரவல் கவசத்துக்கு முன்கதை நமக்குத் தெரியாது.

மகள் விஷயத்தில் இன்னொன்று. பெரியவர்கள் ஸ்டிரப்பில் சின்னக் கால் முழுசாக உள்ளே நுழைந்துவிடும், குதிங்கால் படி இருந்தும் பயனில்லை. அவள் கால் அகலத்துக்கு ஏற்ற ஸ்டிரப் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். வெளிப்பக்கம் ரப்பர் வளையம் போட்டது இருந்தால் இன்னும் நல்லது, விழுந்தால் வளையம் கழன்று கால் வெளியே வந்துவிடும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். நீங்கள் 46ல் பட்ட பாட்டை அவள் படுவாள்.

துவாஸ்_முருகு | வியாழன், இரவு 11:15

அண்ணே உங்க தாத்தா இருந்த திடல் இப்ப கிராஞ்சியா?

லாயத்துப்_பேரன் | வெள்ளி, காலை 8:02

இல்லை முருகு. முதலில் ஃபேரர் பார்க். தேக்காவில் வாழையிலையில் மீன்தலைக் கறி சாப்பிடுகிறோமே ரேஸ் கோர்ஸ் ரோடு, அந்த ரேஸ் கோர்ஸ். 1933-ல் புக்கிட் தீமாவுக்கு மாறியது, தாத்தா காலம் அதுதான். 1999-ல் கிராஞ்சி. அங்கே கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5. நான் போயிருந்தேன். பணம் கட்டவில்லை, கடைசிக் குதிரையை லாயத்துக்கு நடத்திப் போனவரின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பூட்ஸ் போட்டிருந்தார்.

பொங்கோல்_புரவி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:33

வாங்கியாயிற்று. எனக்கு முன்ஜிப் குட்டை பூட்ஸ், செயற்கைத் தோல், ரப்பர் அடி, கூடவே ஹாஃப் சாப்ஸ். மகளுக்கு எலாஸ்டிக் ஜோத்பூர். கடையில் படிக்கட்டு தேடினேன், கிடைக்கவில்லை. மகள் ஒரு மர முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள், இருவரும் மாறி மாறி அதன் விளிம்பில் நின்று குதிங்காலைத் தொங்கவிட்டோம். நான் முதலில் எடுத்தது அழகாக இருந்தது, அரை நிமிடத்தில் குதிநரம்பில் கத்தி மாதிரி குத்தியது. இரண்டாவதில்தான் வெட்டு இல்லை. அக்காவுக்கு நன்றி.

லாயத்தில் ஸ்டிரப்பை அளந்தேன். உள் அகலம் 12 சென்டிமீட்டர், என் பூட்ஸ் 9.8. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே சும்மா இருக்கிறது, சரிதானே? அளவு நாடாவோடு குதிரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பயிற்றுநர், தையல்காரரா என்று கேட்டார். மகளுக்கு ரப்பர் வளைய ஸ்டிரப் கேட்டேன். அலமாரியிலேயே இருந்தது, யாரும் கேட்பதில்லையாம்.

செலவு 200-ஐத் தாண்டிவிட்டது. வீட்டம்மாவிடம் மகள் சொல்லிவிட்டாள்.

லாயத்துப்_பேரன் | ஞாயிறு, மாலை 7:10

அகலம் சரி. ஜிப் வெளிப்பக்கம்தானே?

பொங்கோல்_புரவி | ஞாயிறு, மாலை 7:14

முதல் தடவை உள்பக்கம். ஏறுவதற்கு முன் மகள் பார்த்துவிட்டாள்.

ஈசூன்_மீனா | ஞாயிறு, இரவு 9:48

என் மகனுக்குச் சின்னதாகிப்போன செயற்கைத் தோல் பூட்ஸ் ஒன்று இருக்கிறது, அளவு 33, சும்மாவே தருகிறேன். இரண்டு வருடப் பழசு. நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டேன், தடம் மீண்டுவிடுகிறது. ஈசூன் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மாமியார் துடைத்து வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்.